ஷேட் செயில் கட்டுவதற்கு முன்னால் சுவரைப் பாருங்கள்

போன வருடம் சித்திரையில் எங்கள் வீட்டு மேற்குச் சுவரிலிருந்து ஒரு கொக்கி பிடுங்கிக்கொண்டு வந்தது. வீடு மதுரை நாகமலை புதுக்கோட்டைப் பக்கம். பிற்பகல் வெயில் சமையலறைச் சுவரில் நேராக விழும், ராத்திரி ஒன்பது மணிக்குக்கூடச் சுவரைத் தொட்டால் சுடும். அதற்காகத்தான் 12க்கு 12 அடியில் ஒரு ஷேட் செயில், அதாவது மூலைகளில் இழுத்துக் கட்டும் நிழல் துணி, வாங்கிக் கட்டினேன். பதினோரு நாள் நிழல் கிடைத்தது. பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் இடியோடு காற்று வந்தது. கைப்பிடிச் சுவரில் போட்டிருந்த கொக்கி, ஒரு இட்லி அளவு பூச்சையும் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்தது. துணியின் முனையில் தொங்கிய இரும்பு டர்ன்பக்கிள் (துணியைத் திருகி இறுக்கும் சாமான்) கவண் கல் மாதிரி சுழன்று ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. அதற்கு அரைமணி நேரம் முன்னால்தான் என் மகள் அந்த ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். துளைக்குள் வைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் ராவல் பிளக் அப்படியே ஸ்க்ரூவைப் பிடித்திருந்தது. அதைச் சுற்றி முக்கால் அங்குலச் சிமென்ட் பூச்சு, பின்னால் கொஞ்சம் செங்கல் தூள். அவ்வளவுதான். என் கொக்கி சுவருக்குள் போகவே இல்லை, பூச்சில்தான் நின்றிருந்தது. இந்த வருடம் எல்லாவற்றையும் புதிதாகச் செய்தேன். நீங்கள் முதல் தடவையிலேயே சரியாகச் செய்துவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. உங்கள் சுவர் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

துணி வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. என்ன செயில், என்ன அளவு, எந்த போல்ட் என்பதெல்லாம் சுவரைப் பொறுத்தது.

பில்லர் போட்ட வீடு என்றால் உங்களுக்கு வழி இருக்கிறது. கொக்கியைக் கான்கிரீட் பில்லரிலோ கூரை பீமிலோதான் போட வேண்டும். இரண்டு பில்லருக்கு நடுவில் இருக்கும் செங்கல், இடத்தை அடைக்க வைத்தது. அதை நம்பக் கூடாது.

பில்லர் எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது, பூச்சும் பெயின்ட்டும் மறைத்துவிடும். வீட்டின் ஸ்ட்ரக்சுரல் டிராயிங் இருந்தால் அளந்து குறியுங்கள். இல்லாவிட்டால், இருக்கும் என்று நினைக்கும் இடத்தில் 6 மில்லி பிட்டால் ஒரு சின்னத் துளை போட்டுப் பாருங்கள். முதலில் வருவது பூச்சுத் தூள், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அப்புறம் வரும் தூள் சிவப்பாக இருந்தால் செங்கல். சாம்பல் நிறமாக, பிட் திணறித் திணறிப் போனால் கான்கிரீட். ஆனால் ஹாலோ பிளாக்கும் சாம்பல் தூள்தான் தரும். அதில் ஒன்றரை அங்குலம் போனதும் பிட் திடீரென்று வெற்றிடத்தில் விழும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். துளை போடும் முன் மெயினை அணைத்துவிட்டு, பக்கத்தில் சுவிட்ச் பெட்டி இருக்கிறதா பாருங்கள். அதற்கு நேர் மேலே சுவருக்குள் வயர் குழாய் போகும்.

பில்லர் இல்லாமல் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரே கூரையைத் தாங்கும் வீடு என்றால், சுவரை ஊடுருவும் போல்ட் போட்டு உள்பக்கம் பெரிய இரும்பு பிளேட் வைத்து இறுக்குவார்கள். அதை ஒரு என்ஜினியர் வந்து பார்த்துச் சொன்ன பிறகே செய்யுங்கள். செங்கலில் விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட் போட்டால் இறுக்கும்போதே கல் விரிசல் விடும்.

ஹாலோ பிளாக், எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக், சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடு, இந்த மூன்றிலும் சுவரை விட்டுவிடுங்கள். நான்கு மூலைக்கும் தரையில் தூண் நட்டுக்கொள்ளுங்கள். செலவு கூடும், ஆனாலும் அதுதான் சரி.

எந்த வீடாக இருந்தாலும் தொடக் கூடாத இடங்கள் மூன்று. ஒன்று மாடிக் கைப்பிடிச் சுவர். அது மேலே எந்தப் பாரமும் இல்லாமல் தனியாக நிற்கிற சுவர், பக்கவாட்டில் இழுத்தால் சுவரோடு சாயும். இரண்டு, ஜன்னலுக்கு மேல் நீட்டியிருக்கும் சன்ஷேடு. தன் எடையைத் தாங்கத்தான் அதைப் போட்டிருக்கிறார்கள். மூன்று, காம்பவுண்டுச் சுவர்.

2. காற்று எவ்வளவு இழுக்கும்?

துணியின் எடை ஒன்றிரண்டு கிலோதானே, கொக்கிக்கு என்ன பாரம் என்று எனக்கு விற்றவர் சொன்னார். நானும் தலையாட்டினேன். பாரம் துணியில் இல்லை, காற்றில் இருக்கிறது.

காற்றின் வேகத்தை மீட்டர் கணக்கில் (நொடிக்கு) எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 0.6ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம் என்று வரும். அதை 9.8ஆல் வகுத்தால் கிலோக் கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகக் காற்றுக்கு இது சதுர மீட்டருக்குச் சுமார் 12 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும், அதாவது 100 கிலோமீட்டரில் 47 கிலோ. கட்டடங்களுக்கான இந்திய தரநிலை ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி, மதுரைக்கு அடிப்படைக் காற்று வேகமாக நொடிக்கு 39 மீட்டரைத் தருகிறது. அது மணிக்கு 140 கிலோமீட்டர், அழுத்தம் சதுர மீட்டருக்கு 93 கிலோ. 10க்கு 10 அடி செயில் என்பது 9.3 சதுர மீட்டர். நீங்களே பெருக்கிப் பாருங்கள், 860 கிலோவுக்கு மேல் வரும். வலைத்துணி கொஞ்சம் காற்றை உள்ளே விடும்தான். ஆனால் அதை நம்பி கொக்கியைச் சிறியதாக்காதீர்கள்.

இதை நான்காக வகுத்து மூலைக்கு இவ்வளவுதான் என்று நினைப்பதும் தப்பு. கொடிக் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். தொய்வாகக் கட்டிய கொடியில் ஈரப் போர்வையைப் போட்டால் ஆணி நிற்கும். அதே கொடியை விறைப்பாகக் கட்டிப் போட்டால் ஆணி வளையும். செயிலும் விறைப்பாகக் கட்டுவதுதான். அதனால் ஒவ்வொரு மூலையிலும் அதன் பங்கைவிட நிறைய இழுப்பு விழும். புயலில் எந்த வீட்டுச் செயிலும் நிற்க வேண்டியதில்லை, கழற்றிவிடலாம். நாம் வீட்டில் இல்லாத ஒரு சாயங்காலம் திடீரென்று அடிக்கும் கோடைக் காற்றை அது தாங்கினால் போதும்.

3. காகிதங்கள், கேட்க வேண்டியவர்கள்

வீடு கட்டிக் கொடுத்த கான்ட்ராக்டரிடமோ என்ஜினியரிடமோ ஸ்ட்ரக்சுரல் டிராயிங் நகல் கேட்டு வாங்குங்கள். எனக்கு அது கிடைக்க ஒன்பது நாள் ஆனது. அதனால் இதை முதலிலேயே ஆரம்பித்துவிடுங்கள். வீடு கட்டும்போது செல்போனில் எடுத்த படங்கள் இருந்தால் அவையும் உதவும். பூச்சு பூசும் முன் எடுத்த ஒரு படத்தில் என் பில்லர் இரண்டும் தெளிவாகத் தெரிந்தன.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். எத்தனை துளை, எந்த இடத்தில், காலி செய்யும்போது பிளேட்டை விட்டுப் போவீர்களா அடைத்துக் கொடுப்பீர்களா என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் அட்வான்ஸ் திரும்பும்போது சண்டை வராது. அடுக்குமாடி என்றால் வெளிச்சுவர் உங்களுடையது மட்டும் இல்லை, சங்கத்தின் அனுமதி வேண்டும்.

மின்கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரைக் கட்டாயம் பாருங்கள். வீடுகளுக்கு வரும் தாழ்வழுத்தக் கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 2.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது விதி. ஒரு மூலை அறுந்தால் துணி எவ்வளவு தூரம் பறக்குமோ அந்த வட்டத்துக்குள்ளும் கம்பி இருக்கக் கூடாது. இருந்தால் முதலில் மின்வாரியத்தில் சொல்லிக் கம்பியை மாற்றுங்கள், இல்லாவிட்டால் செயிலின் இடத்தை மாற்றுங்கள்.

துணியின் பில்லைப் பத்திரமாக வையுங்கள். நிறம் மங்காது, நூல் இற்றுப்போகாது என்று தரும் வாரன்டி, பில் இல்லாமல் செல்லாது.

4. கொக்கிக்கு இடம் குறித்த பிறகு துணி

எல்லோரும் செய்யும் தப்பு, 12 அடி இடத்துக்கு 12 அடி துணி வாங்குவது. நானும் அதைத்தான் செய்தேன். அப்படி வாங்கினால் இறுக்க இடமே இருக்காது. துணி தொய்ந்து படபடக்கும், அந்தப் படபடப்பே போல்ட்டைத் தளர்த்தும். டர்ன்பக்கிளும் ஷாக்கிளும் (திருகாணி போட்டுப் பூட்டும் இரும்பு வளையம்) உட்கார இடம் வேண்டும், துணி நாளாவட்டத்தில் இழுபடவும் இடம் வேண்டும். எனக்குக் கொக்கிகள் 12 அடி சதுரத்தில் இருக்கின்றன. இப்போது வாங்கிய துணி 10க்கு 10. மூலைக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை அடி கிடைக்கிறது.

நான்கு கொக்கியும் ஒரே உயரத்தில் இருக்கக் கூடாது. எதிரெதிர் மூலை இரண்டு உயரத்திலும் மற்ற இரண்டும் தாழ்விலும் இருந்தால் துணி முறுக்கிக்கொண்டு நிற்கும், காற்றில் அதிகம் ஆடாது. எங்கள் வீட்டில் 10 அடியும் ஏழரை அடியும். தட்டையாகக் கட்டினால் நடுவில் குழி விழுந்து மழைத் தண்ணீர் தேங்கும். வாளித் தண்ணீர் பத்து கிலோ என்றால், தேங்கும் தண்ணீரை யோசித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இறங்காத பி.வி.சி. துணியைப் புதிதாகக் கட்டுபவர்கள் எடுக்கவே வேண்டாம், பின்னல் வலைத்துணி போதும். துணியின் ஓரங்கள் உள்பக்கமாக வளைந்து வெட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நேர் ஓரமாக இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் ஓரம் துடிக்கும்.

5. சாமான்களும் எனக்கு ஆன செலவும்

துணி 2,600 ரூபாய். நான்கு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) டர்ன்பக்கிள் 1,200, எட்டு டி ஷாக்கிள் 800. சுவருக்கு 8 மில்லி கனத்தில் இரண்டு பிளேட், வளையம் வெல்டு வைத்து, கால்வனைஸ் செய்து 1,400. கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் விட்டு ராடை ஒட்டவைக்கும் மருந்து) குழாய், நாசில், பிரஷ் எல்லாம் சேர்த்து 1,150. எம்12 ராடும் (12 மில்லி கனத் திருகுக் கம்பி) நட்டும் 600. 4 அங்குலக் குழாயில் இரண்டு தூண், வெல்டிங் பெயின்ட்டோடு 8,100. தூண் குழிக்குச் சிமென்ட், மணல், ஜல்லி 2,400. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் 2,200. ஹேமர் டிரில் ஒருநாள் வாடகை 400. என்ஜினியர் வந்து பார்த்ததற்கு 1,500. மொத்தம் 22,350. போன வருடம் இந்த 1,500ஐ மிச்சம் பிடித்தேன். ஜன்னல் கண்ணாடிக்கும் சுவர் பூச்சுக்கும் அதைவிட அதிகம் ஆனது.

கடையில் கவனிக்க வேண்டியவை: வளையம் மூடியதாக இருக்க வேண்டும். வளைத்துவிட்ட திறந்த கொக்கி பாரம் விழுந்தால் நிமிர்ந்துவிடும். மதுரையில் உப்புக் காற்று இல்லாததால் 304 எஸ்.எஸ். போதும். ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் என்றால் 316 கேளுங்கள். கெமிக்கல் குழாயின் காலாவதித் தேதியை அங்கேயே படித்துவிடுங்கள். எனக்கு முதலில் எடுத்துக் கொடுத்தது தேதி முடிந்து நான்கு மாதம் ஆனது.

6. தூண்கள்

தரைக்கு மேல் எவ்வளவு உயரமோ அதில் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் போக வேண்டும். 10 அடித் தூணுக்கு மூன்றரை அடிக் குழி, ஒன்றரை அடிச் சதுரம். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் என்றால் இன்னும் ஆழமும் அகலமும் வேண்டும். கோடையில் அந்த மண் வெடித்துத் தூணை விட்டு விலகும். தூணைச் செயிலுக்கு எதிர்ப்பக்கம் லேசாகச் சாய்த்து நடுங்கள். இழுக்கும்போது நேராக நிற்கும்.

கான்கிரீட் போட்டதும் ஈரச்சாக்கு சுற்றித் தினம் இரண்டு வேளை தண்ணீர் விடுங்கள். ஏழு நாளுக்கு முன் எதையும் கட்டக் கூடாது. நான் பதினான்கு நாள் விட்டேன். மொட்டைமாடியில் கட்டப் போகிறவர்கள் தளத்தைக் குடைந்து தூண் நட வேண்டாம், அடுத்த ஐப்பசியில் கீழ் வீட்டில் ஒழுகும்.

7. சுவரில் துளை

இதை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். காலை ஏழு மணிக்கு ஆரம்பியுங்கள். கெமிக்கல் ஆங்கர் வெயிலில் இரண்டு மூன்று நிமிடத்திலேயே கெட்டிப்பட ஆரம்பிக்கும். குழாயையும் நிழலில் வையுங்கள்.

பிளேட் உட்காரும் இடத்தில் பூச்சை வெட்டி எடுத்துவிடுங்கள். பிளேட் நேராகக் கான்கிரீட்டில் படிய வேண்டும். பூச்சின் மேல் உட்கார்ந்தால் பூச்சு நசுங்க நசுங்க நட்டு தளரும்.

என் பில்லர் ஒன்பது அங்குல அகலம். அதனால் அகலமான பிளேட் போடாமல், நான்கு அங்குல அகலம், பத்து அங்குல உயரத்தில் செய்து, மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு துளை மட்டும் வைத்தேன். இரண்டும் பில்லரின் நடுக்கோட்டில். ஓரத்துக்கு அருகில் துளை போட்டால் கான்கிரீட் உடைந்து வரும். ஒன்பதுக்கு ஒன்பது பில்லரில் பெரிய கம்பிகள் நான்கு மூலையிலும் இருப்பதால் நடுக்கோடு அவற்றையும் தவிர்க்கும். குறுக்கே போகும் வளையக் கம்பி பிட்டில் மாட்டினால் அதை அறுத்துக்கொண்டு போகாதீர்கள். ஓர் அங்குலம் மேலேயோ கீழேயோ நகர்த்துங்கள், பழைய துளையை அடைத்துவிடுங்கள்.

எம்12 ராடுக்கு 14 மில்லி பிட். ஆழம் கான்கிரீட்டுக்குள் 110 மில்லி, பூச்சை இதில் சேர்க்கக் கூடாது. பிட்டில் டேப் ஒட்டி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் சுத்தம் செய்வது. ஊதி, கம்பி பிரஷ் விட்டுச் சுழற்றி, மறுபடி ஊதி, மறுபடி பிரஷ். பிரஷ்ஷில் தூள் ஒட்டாமல் வரும்வரை விடாதீர்கள். வந்த கொத்தனார் அண்ணன் "ஒரு தடவை ஊதினாப் போதும் தம்பி" என்றார். நான் நான்கு தடவை செய்தேன். தூள் இருந்தால் மருந்து கான்கிரீட்டைப் பிடிக்காமல் தூளைப் பிடிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

நாசிலில் முதலில் வரும் மருந்து இரண்டு நிறமாகக் கலக்காமல் இருக்கும், அதை ஓர் அட்டையில் பிதுக்கிவிடுங்கள். ஒரே நிறமாக வந்த பிறகு, துளையின் அடியிலிருந்து ஆரம்பித்து முக்கால் பாகத்துக்குக் கொஞ்சம் குறைவாக நிரப்புங்கள். ராடை மெல்லத் திருகிக்கொண்டே உள்ளே விடுங்கள். வாயில் மருந்து பிதுங்கி வந்தால் உள்ளே நிறைந்துவிட்டது என்று அர்த்தம். வரவில்லை என்றால் ராடை உருவி இன்னும் மருந்து விட வேண்டும். அதன் பிறகு குழாயில் போட்டிருக்கும் நேரம் முடியும்வரை ராடைத் தொடக் கூடாது. நான் ஒருநாள் முழுக்க விட்டேன். பிளேட்டை மாட்டி இறுக்கிய பின் சுற்றிலும் சீலன்ட் விடுங்கள், மழைத்தண்ணீர் கம்பிக்குப் போகாது.

8. ஏற்றி இறுக்குவது

டர்ன்பக்கிளைச் சுவர்ப் பக்கமும் தூண் பக்கமும் மாட்டுங்கள், துணிப் பக்கம் வளையம் மட்டும் இருக்கட்டும். டர்ன்பக்கிளை முழுக்கத் திறந்த நிலையில் மாட்டி, எதிரெதிர் மூலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, மாறி மாறி இறுக்குங்கள். ஒரே மூலையை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் துணி கோணிக்கொள்ளும். ஓரத்தில் சுருக்கம் மறைந்ததும் நிறுத்துங்கள். பத்து நாளில் துணி கொஞ்சம் இளகும், அப்போது ஒருமுறை இறுக்கினால் போதும். ஷாக்கிள் திருகாணி தானாகக் கழலாமல் மெல்லிய கம்பியால் கட்டிவிடுங்கள்.

9. எப்போது ஏற்றுவது, எப்போது கழற்றுவது

மாசிக்குள் தூணும் பிளேட்டும் தயாராக இருந்தால் பங்குனி வெயிலுக்குத் துணி ஏறிவிடும். மே 4 வாக்கில் கத்திரி தொடங்கும்போது நீங்கள் ஏணியில் நிற்க வேண்டியிருக்காது. ஆடி பிறக்கும் முன் கழற்றுங்கள். அம்மியே பறக்கும் என்று சொல்லி வைத்த மாதத்தில் மேற்கே பார்த்த வீட்டில் துணியை விட்டுவைப்பது சரியில்லை. ஆவணியில் வெயில் தாங்காவிட்டால் மறுபடி ஏற்றலாம், வடகிழக்குப் பருவமழைக்கு முன் இறக்கிவிட வேண்டும்.

கோடை இடிமழைதான் ஏமாற்றும். நான் செல்போனில் தாமினி செயலியை வைத்திருக்கிறேன், பக்கத்தில் எங்கே மின்னல் விழுகிறது என்று காட்டும். மேற்கே கறுத்தால் நான்கு மூலையையும் உடனே கழற்றிவிடுகிறோம், ஐந்து நிமிட வேலை. ஒரு மூலையை மட்டும் அவிழ்த்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், அது கொடி மாதிரி அடிக்கும். மின்னல் தொடங்கிவிட்டால் ஏறாதீர்கள். துணி போனால் போகட்டும், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

மாதம் ஒருமுறை பிளேட்டைச் சுற்றி மயிரிழை விரிசல் வந்திருக்கிறதா, நட்டுக்கு அடியில் துருக்கோடு வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் இருந்தால் இறுக்கிச் சமாளிக்காமல் துணியை இறக்கிவிட்டு என்ஜினியரைக் கூப்பிடுங்கள். இறக்கிய துணியைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய வைத்து, எலி போகாத இடத்தில் வையுங்கள். மடிக்கும் முன் நான்கு மூலையிலும் மார்க்கரால் 1, 2, 3, 4 என்று எழுதி, அதே எண்ணைப் பிளேட்டிலும் தூணிலும் எழுதிவிட்டால் அடுத்த பங்குனியில் எந்த மூலை எங்கே என்று தேட வேண்டாம்.